கரைவலை அம்பாப் பாட்டைப் பதிவு செய்வது எப்படி?

பாம்பன்காரன்:
தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை (கரையில நின்னு கயித்தால இழுக்குற வலை) இழுக்குறப்ப பாடுற அம்பாவைப் பதிஞ்சு வைக்கணும். கையில செல்போன்தான் இருக்கு. காத்துச் சத்தத்துல பாட்டு அமுங்கிப் போகுது. திண்ணையில உக்காரவச்சுப் பாடச் சொன்னா பெரியவங்களுக்குப் பாதி அடி மறந்துபோகுது. என்ன பண்ணலாம்? எழுத்துல எப்படி ஏத்துறது?

ஒலிப்பெட்டி:
செல்போன் சத்தத்தைத் தானாவே ஏத்தி இறக்கும். பாடுறவர் மூச்சு வாங்குற இடைவெளியில அலைச் சத்தத்தைத் தூக்கிவிட்டுரும்; அப்புறம் அதைச் சுத்தமாப் பிரிக்கவே முடியாது. கையால ஒலி அளவு வைக்கிற சின்ன ரெக்கார்டர் இரவலாவது வாங்குங்க. வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோன்னா மணிக்கு 1 ஜிபி ஆகும். உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. முன்பாட்டுக்காரர் குரலை மட்டும் வச்சு அளவு பாத்தா, எல்லாரும் ‘ஏலேலோ’ன்னு சேரும்போது உடைஞ்சிரும். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை நம்ம காத்துக்குப் பத்தாது, முடி வச்ச உறைதான். சட்டையில குத்துற மைக் வேண்டாம், கயிறு உரசும்.

இன்னொண்ணு, ஆடியில தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணை) கரைக்குப் போங்க. வாடைக் காலத்துல தலைகீழ்.

வடகடலான்:
திண்ணையில மறக்குறதுக்கு வயசு காரணமில்ல தம்பி. அடி எவ்வளவு நீளம்னு இழுவைதான் சொல்லும். வலை தூரத்துல கிடக்குறப்ப பாட்டு நீளும். மடி, அதான் மீன் சேருற வலைப் பை, கரையை நெருங்க நெருங்க ரெண்டு பக்கக் கயித்துக்காரங்களும் கிட்ட வருவாங்க, அடி குறுகும், வேகம் ஏறும். அதனால கயித்தைத் தொட்டதுலருந்து மடியை அவுக்குற வரைக்கும் நிறுத்தாம ஓடவிடுங்க. துண்டு துண்டா எடுத்தா அந்த ஏத்தம் பதிவுல இருக்காது. கரைக்கு வர முடியாத பெரியவர்னா தூண்ல கயித்தைக் கட்டி நுனியைக் கையில குடுங்க, பின்பாட்டுக்கு ரெண்டு பேரை நிறுத்துங்க. அடி தானா வரும்.

எழுத எலான் மென்பொருள் போதும், இலவசம். ஒரு வரிசையில வாயில வந்தது வந்தபடி, கீழ் வரிசையில பொருள். ‘திருத்தி’ எழுதுற ஆசையை அடக்குங்க. கச்சான், கொண்டல், சோழகம்னு காத்துப் பேர் வந்தா எந்தத் திசை, எந்த மாசம்னு அங்கேயே கேட்டுக் குறிச்சிருங்க. ஊருக்கு ஊர் கணக்கு மாறும். பச்சையான அடிகளை வெட்டாதீங்க. முழுப் பிரதியைத் தனியா வச்சுட்டு, பொதுவுக்கு வேற பிரதி போடுங்க.

தீவுப்பொண்ணு:
அண்ணே சொன்னதோட அனுமதியையும் சேத்துக்குங்க. பாடுறதுக்கு முன்னாடி அவங்க வாயாலயே பதிஞ்சிருங்க: யார் கேக்கலாம், யூடியூப்ல போடலாமா, தன் காலத்துக்குப் பிறகு ஒலிபரப்பலாமா.

ஆஸ்திரேலியாவோட வடக்கே யோல்ங்கு பழங்குடி மக்கள்கிட்ட இது ரொம்பக் கறார். ஒவ்வொரு குலப் பாட்டும் அந்தக் குலத்துக்குச் சொந்தம். எல்கோ தீவுல பிறந்து, பிறவியிலேயே பார்வை இல்லாத டாக்டர் ஜி. யுனுப்பிங்கு 2008-ல யோல்ங்கு மொழிகள்ல பாடி வெளியிட்ட ஆல்பம் உலகமெல்லாம் போச்சு. 2017-ல அவர் இறந்தப்ப, இறந்தவர் பேரைச் சொல்லாத அவங்க வழக்கப்படி பத்திரிகைகள் முழுப் பேரைப் போடாம இப்படித்தான் சுருக்கி எழுதின. கான்பராவுல 1964-லருந்து இருக்குற பழங்குடி ஆய்வு நிறுவனக் காப்பகத்துலயும் சில பதிவுகளைக் கேக்க அந்தச் சமூகத்தோட ஒப்புதல் வேணும். நம்ம பக்கம் சட்டம் எப்படி இருந்தாலும் குடும்பத்தைக் கேக்குறதுதான் முறை.

பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறதா இருந்தா பின்பாட்டை முதல்ல பழக்குங்க, அது ரெண்டே சொல். பாம்பன் கடல் ஓசை 90.4-லயும் கேட்டுப் பாருங்க, மீனவர்களுக்கான வானொலிதானே.

ஒலிப்பெட்டி:
ஒண்ணு விட்டுட்டேன். வாட்ஸ்அப்புல ஆடியோவா அனுப்பாதீங்க, தரம் குறையும். டாக்குமெண்டா அனுப்புங்க. ரெண்டு ஹார்டு டிஸ்குல வைங்க, ரெண்டும் ஒரே வீட்டுல வேண்டாம்.