புது ரேம் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கிறது, அவசரம்

தேனிக்காரன் | இரவு 9:12
வணக்கம் நண்பர்களே. லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான் இருந்தது. டாலி கணக்கு மென்பொருளையும் குரோமையும் சேர்த்துத் திறந்தால் அப்படியே உட்கார்ந்து விடுகிறது. இன்று 8 ஜிபி ரேம் ஒன்று வாங்கிப் போட்டேன். பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை. பழையதை மட்டும் போட்டால் நன்றாக ஓடுகிறது. ஸ்லாட்டில் கச்சிதமாகத்தான் பொருந்துகிறது. ரேம் பழுதா, லேப்டாப் பழுதா? 20ஆம் தேதிக்குள் மூன்று பார்ட்டிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு (ஜிஎஸ்டிஆர் 3பி) போட வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

மின்மினி | 9:20
என்ன லேப்டாப், என்ன மாடல், என்ன பிராசசர்? புது ரேமின் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது? தனியாகப் போட்டுப் பார்த்தீர்களா, இல்லை பழையதோடு சேர்த்து மட்டுமா?

சர்வீஸ் செல்வம் | 9:24
தம்பி, முதலில் ரப்பர் போட்டுத் தேய்த்தீர்களா? பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர். ரேமின் தங்க நிறக் கால்களை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, ஊதிவிட்டுப் போடுங்கள். என்னிடம் வரும் டிஸ்ப்ளே இல்லாத கேஸில் பாதி இப்படித்தான் எழுந்து வருகிறது.

தேனிக்காரன் | 9:41
கறுப்பு கலர், 15 இன்ச். வாங்கி எட்டு, ஒன்பது வருஷம் இருக்கும். அடியில் இருந்த ஸ்டிக்கர் தேய்ந்து போய்விட்டது. ரேம் டிடிஆர்3 வகை. ரப்பர் போட்டும் தேய்த்தேன், அதே கதைதான்.

பெருச்சாளி | 9:48
கறுப்பு கலர், 15 இன்ச் என்றால் குடைகூட அப்படித்தான் இருக்கும். வாரத்துக்கு ஒருவர் இப்படி வருகிறார், விவரம் கேட்டால் அடையாளம் சொல்கிறார். டிடிஆர்3 என்றாலே 2015 வாக்கில் வந்த பெட்டி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக, ஒருசில விதிவிலக்கு தவிர, இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காது. இதில் ரேம் போடுவது இடியப்போகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது.

கணக்குப்பிள்ளை | 9:55
அண்ணா, 4ம் 8ம் சேராது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே ஸ்பீடில் இருக்க வேண்டும். இல்லையென்றால் டூயல் சேனல், அதாவது இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஓடுவது, வேலை செய்யாது. இன்னொரு 4 ஜிபி வாங்குங்கள், சரியாகிவிடும்.

மின்மினி | 10:03
கணக்குப்பிள்ளை, அது டெஸ்க்டாப்பில் கேம் ஆடுகிறவர்கள் பரப்பிய பயம். 4+8 போட்டால் இன்டெல்லில் இரண்டிலிருந்தும் நான்கு நான்கு ஜிபி டூயல் சேனலில் ஓடும், மிச்சம் 4 ஜிபி ஒற்றைச் சேனலில் ஓடும். ஸ்பீடு வேறாக இருந்தாலும் குறைந்த ஸ்பீடுக்கு இரண்டும் இறங்கிக்கொள்ளும். கொஞ்சம் வேகம் குறையுமே தவிர, இதனால் திரையே வராமல் போவது அபூர்வம்.

தேனிக்காரன், பழைய ரேமைப் போட்டு லேப்டாப்பைத் திறங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. ஸ்பீடு எவ்வளவு, எத்தனை ஸ்லாட், ஃபார்ம் ஃபேக்டர் என்ன என்று பாருங்கள். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைத்தது. "சோடிம்" என்றால் கழற்றி மாட்டுகிறது. சிபியூ என்ற இடத்தில் பிராசசர் பெயரும் இருக்கும்.

தேனிக்காரன் | 10:19
ஐ3-5005யூ. 1600. ஸ்லாட் 2இல் 1. சோடிம். புது ரேமைத் தனியாகவும் போட்டேன், இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். இரண்டு ரேமிலும் ஒரே நம்பர்தான் சார், 12800. அப்புறம் எப்படிச் சேராமல் போகும்?

மின்மினி | 10:23
சார் இல்லை, அக்கா. 12800க்கு முன்னால் இருக்கும் எழுத்துகளை ஒன்று விடாமல் அடியுங்கள். இரண்டு ரேமிலும்.

லினக்ஸ்_லிங்கம் | 10:25
இதெல்லாம் எதற்கு? விண்டோஸுக்குப் பதில் ஒரு லைட்டான லினக்ஸ் போடுங்கள், 4 ஜிபியே போதும்.

தேனிக்காரன் | 10:34
லிங்கம் அண்ணா, டாலி அதில் வருமா?
பழையது: பிசி3எல்-12800எஸ். புதியது: பிசி3-12800எஸ்.

மின்மினி | 10:41
அகப்பட்டது. அந்த ஒற்றை "எல்"தான் உங்கள் பிரச்சினை.

பிசி3 என்றால் சாதா டிடிஆர்3, 1.5 வோல்ட். பிசி3எல் என்றால் டிடிஆர்3எல், 1.35 வோல்ட். உங்கள் 5005யூ, டிடிஆர்3 குடும்பத்தில் குறைந்த வோல்ட் வகையைத்தான் ஏற்கும். போர்டு 1.35தான் கொடுக்கும். 1.5 கேட்கும் ரேம் அதில் விழித்துக்கொள்ளவில்லை. 12800 என்பது வேகம் மட்டும்: 1600ஐ எட்டால் பெருக்கினால் வரும் எண், நொடிக்கு இத்தனை எம்பி என்று. வோல்ட் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

"கச்சிதமாகப் பொருந்துகிறது" என்றீர்களே, அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இரண்டுக்கும் 204 பின், கால்களுக்கு நடுவே உள்ள வெட்டுப் பள்ளமும் ஒரே இடத்தில். டிடிஆர்4க்கு 260 பின், வெட்டு வேறு இடத்தில், அதனால் உள்ளேயே போகாது. சாதா 3 மட்டும் தாராளமாகப் போய் உட்கார்ந்துகொண்டு மௌனம் சாதிக்கும். ரேமும் லேப்டாப்பும் இரண்டுமே நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கடையில் கொடுத்து எல் போட்டதாக மாற்றுங்கள். இந்தப் பிராசசருக்கு மொத்தம் 16 ஜிபி வரை போகும், ஆகவே 8 ஜிபி ஒன்று தாராளமாக ஏற்கும்.

சர்வீஸ் செல்வம் | 10:50
அப்படி ஒன்றும் இல்லை. நான் எத்தனையோ லேப்டாப்பில் சாதா டிடிஆர்3 போட்டு ஓட்டியிருக்கிறேன்.

மின்மினி | 10:54
என்ன பிராசசர் அண்ணே அவை?

சர்வீஸ் செல்வம் | 10:58
ஐ5-3210எம் மாதிரி.

மின்மினி | 11:01
அது 3ஆம் தலைமுறை, இரண்டையும் ஏற்கும். பழைய டிடிஆர்3 லேப்டாப்பில் எல் போட்டதைப் போட்டால் பொதுவாக ஓடிவிடும், அது 1.5 வோல்ட்டையும் தாங்கும். தலைகீழாக, எல் கேட்கும் லேப்டாப்பில் சாதாவைப் போட்டால்தான் தகராறு. 4, 5ஆம் தலைமுறையில் யூ என்று முடியும் பிராசசர் என்றால் எல் பார்க்காமல் வாங்கவே கூடாது.

பெருச்சாளி | 11:05
இதை முதல் பதிலிலேயே சொல்லியிருப்பேன், விவரம் கொடுத்திருந்தால். போகட்டும். செல்வம், அந்த ரப்பர் வைத்தியத்தை இன்னும் விடவில்லையா? தங்கப் பூச்சு மெல்லிசு. ரப்பர் தூள் ஸ்லாட்டில் விழுந்தால் அப்புறம் அதற்கும் ஒரு இழை திறக்க வேண்டும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் எதற்கு இருக்கிறது?

சர்வீஸ் செல்வம் | 11:09
ஐயா, ஆல்கஹால் வாங்க ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கே போவார்? ரப்பர் எல்லா வீட்டிலும் பிள்ளைகளின் பையில் இருக்கிறது. 14 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், ரப்பரால் ஒரு ரேமும் செத்ததில்லை.

பெருச்சாளி | 11:11
செத்ததை உங்களிடம் மறுபடி கொண்டுவர மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை | 11:15
சண்டை வேண்டாம். ஆனால் அண்ணா, ஃபைல் சேமிப்பது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கா, வேகமான எஸ்எஸ்டியா? ஹார்டு டிஸ்க் என்றால் ரேமை விட முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும்.

லினக்ஸ்_லிங்கம் | 11:17
இது சரி. எஸ்எஸ்டி முதலில், ரேம் அப்புறம்.

மின்மினி | 11:22
பொதுவாக நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் 4 ஜிபியில் டாலி, குரோம் இரண்டும் என்றால் ரேம் நிரம்பி, மிச்சத்தை டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும், எஸ்எஸ்டியாக இருந்தாலும் இழுக்கும். அவர் ரேமில் கை வைத்தது தப்பில்லை, எழுத்தைத்தான் பார்க்கவில்லை.

தேனிக்காரன், மாற்றிப் போடும்போது சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரியையும் கழற்றுங்கள். பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். ரேமைச் சாய்த்துச் செருகி, தங்கக் கால் ஏறக்குறைய மறைந்த பிறகு கீழே அமுக்குங்கள், இரண்டு பக்கமும் கிளிக் என்று பிடிக்க வேண்டும். முதல் முறை ஆன் செய்யும்போது திரை வர வழக்கத்தை விட நேரம் எடுக்கலாம். ஒரு நிமிடம் பொறுங்கள், பதறி ஆஃப் செய்யாதீர்கள்.

பெருச்சாளி | மறுநாள் காலை 7:30
அடுத்து வருகிறவர்களுக்கு: மாடல், பிராசசர், பழைய ரேமின் ஸ்டிக்கரில் உள்ளது முழுசாக. இந்த மூன்றும் இல்லாமல் கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

சர்வீஸ் செல்வம் | 7:44
நேற்றும் சொல்லவில்லையே ஐயா.

தேனிக்காரன் | மாலை 6:52
கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார், 200 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார். எல் இருக்கிறதா என்று நானே படித்துப் பார்த்து வாங்கினேன். 12 ஜிபி காட்டுகிறது. மின்மினி அக்காவுக்கு நன்றி. இரண்டு 3பி முடிந்தது, இன்னும் ஒன்று இருக்கிறது, வருகிறேன்.

கணக்குப்பிள்ளை | 7:03
எஸ்எஸ்டியா, ஹார்டு டிஸ்க்கா என்று சொல்லவே இல்லையே அண்ணா?

புதியவன்_07 | இரவு 11:40
எனக்கும் இதே பிரச்சினை, ரேம் போட்டால் திரை வரவில்லை. யாராவது உதவுங்கள். லேப்டாப் சில்வர் கலர்.