மேற்கு பார்த்த பால்கனி, பிற்பகல் வெயிலில் தொட்டிச் செடிகள் கருகுகின்றன: நிழல் வலை கட்டினால் சரியாகுமா?

பொங்கோல்வாசி:
வணக்கம். சிங்கப்பூர் பொங்கோலில் கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு), 14ஆவது மாடி, பால்கனி நேர் மேற்கு. கறிவேப்பிலை, துளசி, மல்லி (மல்லிகைப்பூச் செடி), வெற்றிலை, புதினா வைத்திருக்கிறேன், எல்லாமே நர்சரியில் வாங்கிய அதே கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகளில். மார்ச் பிறந்ததிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் உள்ளே நுழைந்தால் ஏழு மணிவரை போகிற வழியாக இல்லை. புதினா போயே போச்சு. வெற்றிலை ஓரமெல்லாம் பழுப்பாகி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. கறிவேப்பிலை மாலையில் தொங்கிப்போய் நிற்கும், ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்திருக்கும்.

திருச்சியில் 40 டிகிரியிலும் எங்கள் கொல்லையில் இதே கறிவேப்பிலை மரமாக நின்றது. இங்கே 34 டிகிரிக்கே ஏன் இந்தப் பாடு? அம்மா போனில் "தண்ணிய நல்லா ஊத்துப்பா" என்கிறார், நானும் மூன்று வேளை ஊற்றுகிறேன். பால்கனிக் கூரையை ஒட்டிப் பச்சை நிழல் வலை கட்டலாம் என்று ஒரு யோசனை. கட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஈசூன்தோட்டக்காரி:
தம்பி, கொல்லையில் வேருக்குச் சுற்றிலும் மண், வெயில் படுவது மேல்பரப்பில் மட்டும்தான், கொஞ்சம் ஆழத்தில் மண் குளிர்ச்சியாகவே இருக்கும். தொட்டியில் வேர் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, அந்தச் சுவர் கறுப்பு பிளாஸ்டிக், அதன்மேல் சாய்ந்த வெயில் நேராக அடிக்கிறது. நாலு மணிக்குத் தொட்டியின் வெயில் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றால் உள்ளே வேரும் அதே சூட்டில்தான் இருக்கிறது. வேர்ப்பகுதி 40 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான செடிகளால் தண்ணீரைச் சரியாக இழுக்க முடியாது, மண் ஈரமாக இருந்தாலும் இலை தொங்கும். அதனால் இலைக்கு நிழல் தேடுவதற்கு முன்னால் தொட்டிக்கு நிழல் தேடுங்கள், என் கருத்து இதுதான்.

இதற்குப் பெரிய செலவில்லை. இப்போதிருக்கும் தொட்டியை அப்படியே இன்னும் பெரிய வெள்ளைத் தொட்டிக்குள் இறக்குங்கள், இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், அதில் தேங்காய் நாரைத் திணித்துவிடலாம். மண்தொட்டி இன்னும் நல்லது, அதன் சுவர் வழியாக ஈரம் ஆவியாகும்போது சூடும் இறங்கும், ஆனால் மண் சீக்கிரம் காயும், கனமும் அதிகம். மண்ணின் மேல் காய்ந்த இலையோ மட்டைத் துண்டோ ஒரு அங்குலம் பரப்புங்கள். தரை ஓடு ராத்திரிவரை சூட்டை வைத்திருக்கும், தொட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ கம்பி ஸ்டாண்டிலோ தூக்கி வையுங்கள். ஏர்கான் கம்ப்ரெசர் அந்தப் பக்கம் இருந்தால் அதன் வெப்பக் காற்று படும் இடத்தில் எந்தச் செடியும் வேண்டாம், வெயிலைவிட அது மோசம்.

மாலையில் தொங்கி ராத்திரி நிமிர்கிற கறிவேப்பிலைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்று நினைக்காதீர்கள். காலை ஏழு மணிக்கும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலை. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் ஊற்றவே வேண்டாம். மூன்று வேளை ஊற்றினால் வெயிலில் பிழைத்த வேர் அழுகிச் சாகும்.

அதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடக்கும். நர்சரித் தொட்டிகளில் பெரும்பாலும் தேங்காய் நார்த்தூள்தான், அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும், அப்புறம் ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடிக் கீழே வந்துவிடும், நடுவில் வேருக்கு ஒரு சொட்டும் போகாது. அப்படியிருந்தால் தொட்டியையே ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்து எடுங்கள்.

நிழல்_கணக்கர்:
அக்கா சொன்னது எல்லாம் சரி, அவர் விட்டது வலை. கூரையை ஒட்டி வலை கட்டினால் உங்களுக்குப் பத்து காசுக்குப் பிரயோஜனமில்லை. சிங்கப்பூர் கடிகாரம் நம் தீர்க்கரேகைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒரு மணிவாக்கில்தான். அந்த நேரத்தில் மேல்மாடியின் பால்கனியே உங்களுக்குக் கூரை, வெயில் உள்ளே வராது. மூன்று மணிக்கு மேல் சாய்ந்து வருகிற வெயில்தான் உங்களுடைய பிரச்சினை, அதை மறிக்கத் திரை செங்குத்தாகத் தொங்க வேண்டும். 50 சதவீத நிழல் வலை (பாதி வெயிலை மறிப்பது) போதும், 70, 80 எல்லாம் போட்டால் மல்லி பூக்காது. சுருட்டி ஏற்றும் மூங்கில் திரை இன்னும் வசதி, மூன்று மணிக்கு இறக்கிவிட்டு மற்ற நேரம் ஏற்றி வைக்கலாம்.

இன்னொன்று, இங்கே கோடை என்று ஒரு பருவம் வந்து போவதில்லை, வெயில் விழுகிற திசைதான் மாறும். நாம் பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றேகால் டிகிரி சொச்சம் வடக்கே. மார்ச் கடைசியிலும் செப்டம்பரிலும் சூரியன் நேர் மேற்கில் விழும், ஜூனில் வடமேற்கில், டிசம்பரில் தென்மேற்கில். அதனால் மார்ச்சில் பார்த்துவைத்த நிழல் மூலை ஜூனில் நிழலாக இருக்கும் என்று நம்பாதீர்கள். பால்கனியின் வடக்குப் பக்கம் சுவர் இருந்தால், ஜூனில் அதை ஒட்டிய இடத்தில்தான் வெயில் குறைவாக விழும், வெற்றிலையை அங்கே நகர்த்துங்கள்.

காரிடார்_அண்ணன்:
அங் மோ கியோவிலிருந்து எழுதுகிறேன். 2023 மே 13 அன்று 37 டிகிரி பதிவானது எங்கள் பேட்டையில்தான், 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமம். அதுவும் நிழலில் அளந்த கணக்கு, வெயிலில் நின்ற கறுப்புத் தொட்டிக்குள் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. வெயில் காலத்தில் ஆளாளுக்குத் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிரப்பி வைக்கிறார்கள், செடி குடிக்கட்டும் என்று. வேண்டாம். முட்டை, கொசுவாக ஒரு வாரம் போதும், மே தொடங்கி டெங்கிக் காலம் வேறு. தட்டிருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டிக் கழுவ வேண்டும் என்று தேசிய சுற்றுப்புற வாரியம் வருடாவருடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. இறுகிப்போன மேல்மண்ணையும் கிளறிவிடுங்கள், அதன்மேல் தேங்கும் தண்ணீரே கொசுவுக்குப் போதும். அக்கா சொன்ன இரட்டைத் தொட்டியில் வெளித்தொட்டிக்குக் கட்டாயம் ஓட்டை இருக்கட்டும், இல்லையென்றால் அதுவே கொசுக் குளம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெயிலுக்குப் பயந்து தொட்டிகளைக் காரிடாருக்கு மாற்றினால் 1.2 மீட்டர் நடைபாதை விட்டாக வேண்டும், கைப்பிடிச் சுவர்மேல் எதையும் வைக்கக் கூடாது.

சங்குப்பூ_வீடு:
வலை, மூங்கில் எல்லாம் பார்க்க நன்றாக இல்லை என்று வீட்டில் சண்டை வந்தால் கொடி ஏற்றுங்கள். சங்குப்பூ மேற்கு வெயிலைச் சந்தோஷமாகக் குடிக்கும், நீளத் தொட்டியில் நாலு விதை போட்டுக் கயிறு கட்டிவிட்டால் இலைத் திரையே ஆகிவிடும். நோன்யா (சீன-மலாய்ச் சமையல்) பலகாரத்தில் நீல நிறத்துக்குப் போடும் அதே பூ. வெயில் தாங்கும் காகிதப்பூவையும் செம்பருத்தியையும் முன்வரிசையில் வைத்து, கறிவேப்பிலை, மல்லி, துளசியை அதற்குப் பின்னால் நெருக்கி வையுங்கள், முன்னால் நிற்பதன் நிழல் பின்தொட்டியின் சுவரில் விழும். புதினா மேற்குப் பால்கனிக்கு ஒத்துவராது, கிழக்குப் பக்கம் அடுப்படி ஜன்னல் இருந்தால் அங்கே வளருங்கள். இல்லையென்றால் தேக்கா சந்தையில் வாங்கிக்கொள்ளலாம், அதற்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பொங்கோல்வாசி:
எல்லாருக்கும் நன்றி. விரலை விட்டுப் பார்த்தேன், துளசி ஒரே சேறு, மல்லி உள்ளே எலும்பாகக் காய்ந்திருக்கிறது, வாளியில் அமுக்கியிருக்கிறேன், இன்னும் குமிழி வருகிறது! இரண்டு கேள்விகள். கருகிய வெற்றிலைகளை வெட்டிவிடலாமா? தெம்புக்குக் கொஞ்சம் உரம் போடலாமா? அப்புறம் அக்கா, அம்மாவிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன், "உனக்கு அந்த அக்கா சொன்னாத்தான் புரியுது" என்கிறார்.

ஈசூன்தோட்டக்காரி:
அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், ஊர் மண்ணுக்கு அவர் சொன்னது சரிதான்.

உரம் இப்போது கூடவே கூடாது. வேர் தண்ணீருக்கே திண்டாடும்போது உரத்தின் உப்பு இன்னும் கருக்கும், புதுத் துளிர் தானாக வந்தபிறகு பாதி அளவு போடுங்கள். கருகிய இலையையும் உடனே வெட்ட வேண்டாம், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் கீழிருக்கும் நல்ல இலைக்கு அதுதான் குடை. முழுக்கச் சருகானதை மட்டும் கிள்ளிவிடுங்கள். இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படையும் பொடிப்பொடியாக மஞ்சள் புள்ளியும் இருந்தால் அது வெயில் அல்ல, செஞ்சிலந்தி, மழை படாத பால்கனியில் இந்தச் சூட்டுக்கு நிறைய வரும். காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை.

நிழல்_கணக்கர்:
திரை வாங்குவதற்கு முன்னால் கொண்டோ நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள், வெளித்தோற்றம் மாறுகிறது என்று கழற்றச் சொல்லிவிடுவார்கள். 14ஆவது மாடிக் காற்றுக்கு அடிப்பகுதியையும் இரண்டு பக்கமும் கட்ட வேண்டும், மேலே மட்டும் மாட்டினால் முதல் புயல்மழையிலேயே கையோடு வந்துவிடும்.