பேங்க் என்ட்ரிக்கு புரியுற மாதிரி பேர் வைக்கிறது எப்படி?

கேள்வி: பேங்க் ஸ்டேட்மென்ட்ட சிஎஸ்வியா (எக்ஸெல்ல திறக்குற மாதிரி ஃபைல்) எடுத்து பட்ஜெட் ஆப்ல ஏத்துறேன், ஒவ்வொரு வரியும் "பிஓஎஸ்" (கடையில கார்டு தேய்ச்சது), ஸ்டார், நீள நம்பர்னுதான் வருது, மூணு மாசம் கழிச்சு பாத்தா எதுக்கு செலவு பண்ணேன்னு எனக்கே தெரியல. டிஸ்கிரிப்ஷன மாத்திடலாமா?

பதில் 1: பேங்க் அனுப்புன வரிய அழிச்சிடாதீங்க ப்ளீஸ், ரீஃபண்ட் வரலன்னு கேக்கப் போனா அந்த நம்பர்தான் கைகொடுக்கும். யாருக்கு போச்சுங்கிறத பேயீல போடுங்க, எதுக்குங்கிறத நோட்ஸ்ல. வெறும் "மருந்து"ன்னு போடாம "அம்மா பிரஷர் மாத்திரை, 2 மாசத்துக்கு"ன்னு எழுதுங்க, எப்ப பாத்தாலும் புரியும்.

பதில் 2: கிரெடிட் கார்டு பில் கட்டுறத செலவுல சேக்காதீங்க, ட்ரான்ஸ்ஃபர்னு போடுங்க. பொருள் வாங்குனப்பவே அது செலவுல ஏறிடுச்சு. நான் இது தெரியாம ரொம்ப நாள் டபுளா கணக்கு போட்டு, காசு எங்க போகுதுன்னு ராத்திரி தூங்காம உக்காந்திருக்கேன்.

பதில் 3: ஒரே கடை வேற வேற பேர்ல வந்தா, இந்த பேரெல்லாம் இந்த கடைதான்னு ஆப்ல ரூல் போட்டுடுங்க. க்னுகேஷ்ங்கிற (GnuCash) கணக்கு சாஃப்ட்வேர்ல இம்போர்ட் பண்ணும்போது நீங்க முன்னாடி போட்டத வச்சு எந்த வரி எந்த கணக்குல போகணும்னு அதுவே பொருத்திப் பாக்கும், ஆனா ஓகே குடுக்குறதுக்கு முன்னாடி ஒருதடவ கண்ணால பாத்துடுங்க.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க! ட்ரான்ஸ்ஃபர் மேட்டர் எனக்கும் தப்பாத்தான் இருக்கு, இன்னைக்கே திருத்துறேன்.