புதுப்பிப்பு: கென்னடி ப்ரூஃப் அரை டாலர், 1964 பற்றிய திருத்தம்

கென்னடி உருவமுள்ள அமெரிக்க அரை டாலர் வரிசையைச் சேர்ப்பவருக்கு 1964 ப்ரூஃப் (சேகரிப்பாளருக்காகப் பளபளப்பாக அச்சிட்ட காசு) ஒன்று போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். தவறு, அதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் வேண்டும். அந்த ஆண்டின் தொடக்க அச்சில் காதுக்கு மேலே முடிக்கோடுகள் அழுத்தமாக இருக்கும். அதுதான் ‘அக்சென்டட் ஹேர்’ (அழுத்தமான முடி) வகை. முடியை மட்டும் நம்பாதீர்கள். 10 மடங்கு லென்ஸில் காசில் உள்ள ‘லிபர்ட்டி’ (LIBERTY) என்ற சொல்லின் ‘ஐ’ (I) எழுத்தைப் பாருங்கள்: இடது கீழ்முனை உடைந்தாற்போல் இருந்தால் அதே வகை. இதில் டீப் கேமியோ (கண்ணாடிபோன்ற பின்னணியில் உருவம் வெண்பனிபோல் மிகத் தெளிவாக வேறுபட்டுத் தெரிவது) கிடைப்பது மிக அரிது. அந்த வேறுபாடு சற்றுக் குறைந்த சாதாரண கேமியோ கிடைத்தாலே நல்ல பிடிப்பு.

1965–67இல் ப்ரூஃப் கிடையாது, எஸ்எம்எஸ் (ஸ்பெஷல் மின்ட் செட் என்ற சிறப்புக் காசுத் தொகுப்பு) மட்டும்தான். 1964 காசு 90% வெள்ளி, 12.5 கிராம், 1968–70 காசு 40%, 11.5 கிராம்.

காசின் மேல் படியும் பச்சைப் பிசுக்கு பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அது காசை வைக்கும் பிவிசி பிளாஸ்டிக் உறையின் வேலை. காற்றோட்டமான இடத்தில், தீ அருகில் இல்லாமல், கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோன் ஊற்றிக் காசை நனையவிடுங்கள். பிறகு புது அசிட்டோனில் அலசி, தானாகக் காயவிடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் வேறு சரக்கும் கலந்திருக்கும். பஞ்சால் ஒருமுறை துடைத்தாலும் காசின் கண்ணாடிபோன்ற பரப்பில் ஹேர்லைன் (மெல்லிய கீறல்) விழும். அப்புறம் தர மதிப்பீட்டில் 70க்கு 69 கிடைக்காது. வெள்ளைப் பால்புள்ளி அசிட்டோனுக்கு அசையாது, அந்தக் காசை வாங்காமல் விடுங்கள்.