ரன்-அப்ல ரைட் மேக் 200 விழுது, அவசரம்

டவுன்விண்ட்: கிளம்பறதுக்கு முன்னாடி செய்யற இன்ஜின் சோதனைல (ரன்-அப்) சாவியை ரைட் மேக்ல (பிளக்குக்குப் பொறி தர்ற ரெண்டு மாக்னெட்டோவுல வலது) வெச்சா 200 ஆர்பிஎம் (நிமிஷச் சுற்று) விழுது, இன்ஜின் உதறுது. லெஃப்ட் ஓகே. நாளைக்குக் காலைல பறக்கணும். மாக்னெட்டோவையே மாத்தணுமா?

ஸ்பேனர்12: என்ன விமானம், எந்த இன்ஜின்? எத்தனை ஆர்பிஎம்ல செக் பண்ணீங்க? லெஃப்ட்ல எவ்வளவு விழுது? ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈஜிடி (எக்சாஸ்ட் வாயுவோட சூட்டைக் காட்டற கேஜ்) இருக்கா? பிளக் கழற்றி எத்தனை மணி நேரம் ஆச்சு? இதெல்லாம் தெரியாம எதுவும் சொல்ல முடியாது.

இரட்டைப்பொறி: 500 மணி நேர மாக்னெட்டோ சோதனையைத் தள்ளிப்போட்டிருப்பீங்க. அதுக்குள்ள இருக்கற பாயின்ட் (மின்தொடர்பு முனை) தேய்ஞ்சா டைமிங் (பொறி விழற நேரம்) நகர்ந்துடும். முதல்ல மாக்னெட்டோவைக் கழற்றுங்க.

பழைய_லாக்புக்: டைமிங் பிந்தினால் ஆர்பிஎம் சீராக இறங்கும், உதறாது. சட்டென்று விழுந்து உதறினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பொறி இல்லை என்று அர்த்தம். பயிற்சியின் முதல் மாதத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது. கையேட்டைத் திறக்காமல் இங்கே வந்து கேட்பதும், கேட்டவுடன் மாக்னெட்டோவைக் கழற்றச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

டவுன்விண்ட்: சாரி. செஸ்னா 172எம், ஓ-320-ஈ2டி. 1700ல லெஃப்ட் 70, ரைட் 200. ஈஜிடி கேஜ் இல்ல. பிளக் பத்தித் தெரியல.

ஸ்பேனர்12: 172எம்முக்கு வரம்பு 125, ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் 50. ரெண்டையும் தாண்டிட்டீங்க, இப்படியே கிளம்பக் கூடாது. பெரும்பாலும் கீழ் பிளக்ல பெட்ரோல்ல இருக்கற ஈயம் கட்டியிருக்கும். அதை எரிச்சு எடுக்க, பின்னால யாரும் இல்லன்னு பார்த்து, பிரேக் பிடிச்சு 1800–2000ல வைங்க. மிக்ஸரை (எரிபொருள்-காற்றுக் கலவை நெம்பு; இழுத்தா எரிபொருள் குறையும்) மெல்ல இழுங்க. ஆர்பிஎம் ஏறி, லேசா இறங்கத் தொடங்கும் இடத்துல அரை நிமிஷத்துலேர்ந்து ஒரு நிமிஷம் விடுங்க. ஆயில் சூட்டைக் கவனிங்க. பிறகு மிக்ஸரைத் திரும்ப முன்னால தள்ளி, 1700ல மறுபடி செக். ரெண்டு தடவைக்கு மேல முயற்சி வேண்டாம்.

சரியாகலன்னா, இன்ஜின் ஆறினதும் ரைட் மேக்லயே ஒரு நிமிஷம் ஓட்டி, அதே நிலையில மிக்ஸரை இழுத்து நிறுத்துங்க. சாவியை ஆஃப் பண்ணி, உடனே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால எக்சாஸ்ட் குழாய்களைப் பாருங்க. குளிர்ந்திருப்பதுதான் குற்றவாளி. ப்ரொப்பல்லரைக் கையால தொட வேண்டாம். பி-லீட் (மேக்கை அணைக்கிற வயர்) அறுந்திருந்தா சாவி ஆஃப்ல இருந்தாலும் மேக் உயிரோட இருக்கும். வழக்கமா ஒரே மேக் ஒரு பக்கம் மேல் பிளக்கையும் மறுபக்கம் கீழ் பிளக்கையும் எரிக்கும். அதனால மேக்லேர்ந்து பிளக்குக்குப் போற ஹார்னஸ் வயரைத் தொடர்ந்து போய்ப் பிளக்கைக் கண்டுபிடிங்க.

காற்றாலை: டாக்ஸியில் (தரையில் விமானத்தை ஓட்டிச் செல்லும்போது) மிக்ஸரை இழுத்தே ஓட்டினால் இந்தத் தொல்லையே வராது.

பழைய_லாக்புக்: வால்வு எரியும். ஃபுல் ரிச்சில்தான் (மிக்ஸரை முழுதும் முன்னால் தள்ளி) டாக்ஸி செய்ய வேண்டும்.

காற்றாலை: 1000 ஆர்பிஎம் சக்தியில் எந்த வால்வும் எரியாது. ஆபத்து அரைகுறையாக இழுப்பதில்தான். மறந்து அப்படியே டேக்-ஆஃப் போய்விடுவார்கள். த்ராட்டில் கொடுத்தால் இன்ஜின் திணறி அணையும் அளவுக்கு இழுத்துவிடுங்கள். பிறகு மறந்து கிளம்பவே முடியாது.

இரட்டைப்பொறி: அதை விடுங்க. பிளக் நல்லா இருந்து வயர் லீக் ஆனாலும் இதே அறிகுறிதான். அதையும் டெஸ்டர்ல பார்க்கணும்.

ஸ்பேனர்12: சரிதான், ஆனா பிளக்குக்கு அப்புறம். கழற்றினா உள் ரெசிஸ்டன்ஸையும் அளந்து பாருங்க. 5000 ஓமுக்கு மேல இருந்தா தூக்கிப் போடுங்க. இடைவெளி 0.016–0.021 அங்குலம், புது செம்பு வாஷர், இறுக்கும் டார்க் (முறுக்கு விசை) 30–35 அடி-பவுண்ட். கீழே விழுந்த பிளக்கைத் திரும்பப் போடவே கூடாது. லைசென்ஸ் உள்ளவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு பறங்க.

டவுன்விண்ட்: எரிச்சுப் பார்த்தும் போகல. 3வது சிலிண்டர் குழாய்தான் குளிர்ந்திருந்துச்சு. கீழ் பிளக்ல மிளகு மாதிரி ரெண்டு ஈய உருண்டை. மெக்கானிக் புது பிளக் போட்டுக் கையெழுத்துப் போட்டார். இப்போ லெஃப்ட் 70, ரைட் 80. நன்றி.