சதையியா, கணையமா? வியாழனுக்குள் சொல் வேண்டும்

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்:
எல்லோருக்கும் வணக்கம். கொழும்புக் கிளினிக் ஒன்றுக்கான நோயாளர் கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. நான் இன்னும் தலைப்பிலேயே நிற்கிறேன்: நாள்பட்ட சதையி அழற்சி, ஆங்கிலத்தில் குரோனிக் பான்கிரியடைற்றிஸ். போன கிழமை ஹற்றனிலிருந்து மகனோடு வந்த அம்மா ஒருவர் துண்டைப் பார்த்துவிட்டு, "சதையில வருத்தமுங்களா? கை காலு சதையா?" என்று கேட்டார். மகன் வாங்கில் நெற்றி முழங்காலில் முட்டக் குனிந்திருந்தார். மேல்வயிற்று நோ முதுகுக்குப் பாயும்போது அப்படி இருந்தால்தான் கொஞ்சம் தணியுமாம். கணையம் என்று மாற்றவா?

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை:
தம்பி, மாற்றாதீர்கள். ஆங்கிலப் பெயர் பான்கிரியாஸ். கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம், 'கிரேயாஸ்' என்றால் சதை. எலும்பில்லாமல் முழுக்கச் சதையான உறுப்பு, ஆகவே சதையி. முப்பது வருடம் அதைத்தான் படிப்பித்தேன். கணையம் பழந்தமிழில் கோட்டை வாயிலுக்குக் குறுக்கே போடும் மரமல்லவா?

தெஹிவளை, தமிழ் விரிவுரையாளர்:
ரீச்சர், அதனால்தான் அது பொருந்துகிறது! இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே கிடக்கிற உறுப்புத்தானே. சிங்களத்தில் அக்னியாசய, நெருப்பு உறையும் இடம். அழற்சிக்குள்ளும் அழல் இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து தமிழில் மருத்துவம் படிப்பித்த டாக்டர் கிறீனும் இப்படித்தான் சொல் சொல்லாகத் தேடியிருப்பார். இன்னொன்று: நாள்பட்ட அல்ல, நாட்பட்ட. வல்லினம் வர ளகரம் டகரமாகும்.

பம்பலப்பிட்டி, வைத்தியர்:
சந்தி இருக்கட்டும் சேர், எனக்கு அழற்சிதான் பிரச்சினை. திடீரென வருவதற்கு அது சரி. வருடக்கணக்காக இருப்பதில் சுரப்பி வடுவாகி இறுகுகிறது, அதன் சாறு போகும் கானில் கல் படிகிறது, பழைய நிலைக்குத் திரும்பாது. அழற்சி என்றால், நோ தணிந்ததும் சுகம் என்று நினைத்துத் திரும்பவும் குடிக்கிறார்கள், புகைக்கிறார்கள். சாப்பாட்டைச் சமிக்கப் பண்ணும் நொதியம் குறைந்தால் கொழுப்புச் சமிக்காது. மலம் எண்ணெய்ப் பிடிப்பாகப் போகும், உடம்பு மெலியும், பிறகு நீரிழிவும் வரலாம். 'சதையி வடுநோய்' என்று போடுங்கள். குடியைத் தொடாதவர்களுக்கும் வரும் என்பதை முதற்பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த அம்மா ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.

மருதானை, தாதி:
டொக்டர், வடு என்றால் அம்மைத் தழும்பை நினைத்து முகத்தைத் தடவுவார்கள். நாட்பட்ட என்றால் திகதி முடிந்த மருந்து. வார்ட்டில் நாங்கள் 'மாறாத வருத்தம்' என்றுதான் சொல்கிறோம்.

பம்பலப்பிட்டி, வைத்தியர்:
மாறாத என்றால் மருந்தையே விட்டுவிடுவார்கள் தங்கச்சி. நோவைக் குறைக்கலாம், சாப்பிட்டதைச் சமிக்கப் பண்ணலாம். நொதியக் கப்சூலை முதல் வாய்ச் சோற்றோடு விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. வெறும் வயிற்றில் போட்டுவிட்டுப் பலனில்லை என்று நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைப்பை விட அந்த வரிதான் பெரிய எழுத்தில் வரவேண்டும்.

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்:
புதன் இரவு பதினொரு மணி. 'நாட்பட்ட சதையி அழற்சி', அடைப்புக்குள் கணையம். கீழே, 'சுரப்பி வடுவாகி இறுகும் வருத்தம்' என்று ஒரு வரி. இரைப்பைக்குப் பின்னால் உறுப்பு கிடக்கும் படமும் சேர்த்திருக்கிறேன். கப்சூல் வரி பெரிய எழுத்தில் இருக்கிறது. மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள், அனுப்புகிறேன்.

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை:
படம் நல்லது தம்பி. அடைப்புக்குள் கணையம் போட எனக்குச் சம்மதமில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை எதை எழுதும்?