கவுண்டரில் நீட்டப்படும் சீட்டு எங்கே இடறுகிறது?

கவுண்டர் மருந்தாளுநர்:

மருத்துவர் எழுதிய சீட்டே இல்லாமல் மருந்து கேட்டு வருபவரால் பெரிய தகராறு வருவதில்லை. தரமாட்டோம் என்றால் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போய்விடுவார். சீட்டைக் கையில் வைத்திருப்பவரைத் திருப்பி அனுப்புவதுதான் பெரும்பாடு. அந்த வகை நிகழ்வுகளை மட்டும் இங்கே எழுதுவோம். என்ன கேட்டார்கள், எந்த விதி குறுக்கே நின்றது, எப்படிச் செய்தால் மருந்து கொடுக்க முடியும் என்ற அளவில் போதும்.

முதலில் பழைய சீட்டு. நாலு மாதத்துக்கு முந்தைய தேதி, பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம் 0.25, பத்து மாத்திரை. தாள் மடிப்பில் கிழிந்திருக்கும், பின்பக்கம் இரண்டு கடைகளின் முத்திரை இருக்கும். "அதே டாக்டர், அதே மாத்திரை, அப்புறம் என்ன?" என்பார் கொண்டுவந்தவர். 1945 மருந்து விதிகளில் 65-ஆம் விதியின் 11-ஆம் உட்பிரிவு இதற்கு நேராகப் பதில் சொல்கிறது: மறுபடியும் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. இத்தனை முறை, இத்தனை நாள் இடைவெளியில் என்று எழுதியிருந்தால் அதை மீறக் கூடாது.

அதே உட்பிரிவில் பலரும் மறந்துபோன இன்னொரு வேலையும் உண்டு. மருந்து கொடுத்ததும் சீட்டில் மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, கொடுத்த தேதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பின்பக்கத்தில் மங்கலாக ஒரு முத்திரை குத்தினால், அடுத்த கடைக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தால்தான் உண்டு. அது நம் சோம்பலுக்கு இன்னொருவர் கொடுக்கும் விலை. முத்திரை செய்யும்போதே அளவுக்கும் ஒரு கோடு விட்டுச் செய்துகொள்ளுங்கள். பத்துக்கு ஐந்துதான் வாங்கினார் என்றால் "5 கொடுத்தது, பாக்கி 5" என்று எழுதலாம். மீதியை வேறு கடையில் வாங்கினாலும் கணக்குத் தப்பாது.

ரத்த அழுத்தம், சர்க்கரைக்காரர்கள் விஷயத்தில் வழக்கம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். மருத்துவர் "3 மாதம் தொடரவும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. சீட்டில் 30 மாத்திரை என்று மட்டும் இருந்தால் 30-தான். அந்த ஒரு வரியை அடுத்த முறை கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள்.

மருத்துவமனை மருந்தகப் பொறுப்பாளர்:

சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது அதே விதியின் 10-ஆம் உட்பிரிவில் இருக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவரின் வழக்கமான கையெழுத்தும் தேதியும் வேண்டும். நோயாளியின் பெயரும் முகவரியும், மொத்தம் எவ்வளவு மருந்து, எந்த அளவில் சாப்பிட வேண்டும் என்பதும் வேண்டும். அதிகம் விடுபடுவது மொத்த அளவு. "1-0-1, 5 நாள்" என்றால் பத்து என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வெறும் "1-0-1" என்றால் எத்தனை நாளுக்கு? நோயாளி "ஒரு அட்டை போடுங்க" என்பார். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவரும் அல்ல, நாமும் அல்ல. மருத்துவரை அழைத்துக் கேட்டுவிட்டு, நாட்களைச் சீட்டில் அவரிடமே எழுதி வாங்கிவரச் சொல்வதுதான் முறை.

எச்1 பதிவேடு பற்றியும் சொல்ல வேண்டும். சீட்டு மருந்துகளில் கூடுதல் கண்காணிப்பு தேவைப்படுபவற்றின் பட்டியல்தான் எச்1. 2013 ஆகஸ்டில் அறிவித்து 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல் அது. தொடக்கத்தில் 46 மருந்துகள்: மூன்றாம், நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், மெரோபெனம் வகை, காசநோய் மருந்துகள், தூக்க மாத்திரைகள், டிராமடால், கோடீன். கொடுக்கும்போதே தனிப் பதிவேட்டில் மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றை எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் என்றாலே எச்1 என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அசித்ரோமைசின், அமாக்சிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின் எல்லாம் சீட்டு மருந்துகளின் பொதுப் பட்டியலான எச் பட்டியலில்தான். செஃபிக்சிமும் லெவோஃப்ளாக்சசினும் எச்1. இரண்டுக்குமே சீட்டு கட்டாயம். தனிப் பதிவேடு எச்1-க்குத்தான். குழப்பம் வந்தால் அட்டையைப் பாருங்கள். எச்1 மருந்தில் ஆர்எக்ஸ் (Rx) குறி சிவப்பிலும், எச்சரிக்கை வாசகம் சிவப்புக் கட்டத்துக்குள்ளும் இருக்கும்.

பதிவேடு கெட்டுப்போவது பெரும்பாலும் பில்லிங் மென்பொருளால். நோயாளி பெயர் தட்டாவிட்டால் அது தானாக "கேஷ்" என்று போட்டுக்கொள்ளும். மருத்துவர் பெயர் இருக்கும் இடத்தில் முதல் எழுத்து மட்டும் நிற்கும். மாதக் கடைசியில் அறிக்கை எடுத்தால் நாற்பது வரி "கேஷ்". எச்1 மருந்துக்கு மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர் ஆகிய மூன்று கட்டங்களும் நிரம்பாமல் பில் விழாதபடி மென்பொருள்காரரிடம் பூட்டுப் போடச் சொல்லுங்கள். ராத்திரி கடை மூடும்போது பில்லைப் பார்த்து நினைவிலிருந்து எழுதுகிற பதிவேடு பதிவேடே அல்ல.

ஆய்வுப் பணி அறிந்தவர்:

"கேஷ்" வரிகளை மருந்து ஆய்வாளர் படிக்கவே தேவையில்லை. மூன்று எண்கள் போதும். டிராமடால் வாங்கிய பில் 100, பதிவேட்டில் போனது 60, ஆகவே அலமாரியில் 40 இருக்க வேண்டும். 12 இருந்தால் மீதி 28 எங்கே என்பதுதான் முதல் கேள்வி. உடைந்தது, திரும்ப அனுப்பியது எல்லாவற்றுக்கும் தாள் இருந்தால் அதற்குப் பதில் உண்டு.

அடுத்தது காலி நாற்காலி. சுவரில் பதிவுச் சான்றிதழ் தொங்கும், அதில் படம் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். "இப்பத்தான் சாப்பிடப் போனார்." 65-ஆம் விதியின் 2-ஆம் உட்பிரிவு, சீட்டு மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரே கொடுக்க வேண்டும், இல்லையேல் அவருடைய நேரடி மேற்பார்வையில் கொடுக்க வேண்டும் என்கிறது. 1948 பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவும் அதையே சொல்லித் தண்டனையும் வைக்கிறது. அவர் வெளியே போகிற நேரம் சீட்டு மருந்து விற்பனை நிற்க வேண்டும். சோப்பு, டயப்பர் விற்கலாம்.

காலாவதி மருந்தை விற்காமல் வைத்திருந்தாலும் தவறுதான் என்பது பலருக்குத் தெரியாது. கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வைத்திருந்தால், விற்பனைச் சரக்கிலிருந்து பிரித்து, தனிப் பெட்டியில், மேலே "விற்பனைக்கு அல்ல" என்று பெரிதாக எழுதி வைக்க வேண்டும். அதே அலமாரியில் பின்வரிசைக்குத் தள்ளி வைத்தது பிரித்து வைத்ததாகாது. மருத்துவர்களுக்குக் கொடுக்கும் இலவச மாதிரிகளுக்கும் அரசுத் திட்ட மருந்துகளுக்கும் இந்தச் சலுகைகூட இல்லை, கடையில் இருக்கவே கூடாது.

ஆய்வாளர் சோதனைக்கு மருந்து மாதிரி எடுக்க வந்தால் பதற வேண்டாம். உரிய விலை கொடுத்து எடுத்து, படிவம் 17-இல் தகவல் தருவார்கள். உங்கள் கண்முன் நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிடுவார்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, ஒன்று உங்களுக்கு விற்றவர் அல்லது தயாரித்தவருக்கு. உங்கள் முத்திரையையும் சேர்த்து வைக்கக் கேட்கலாம், அது உரிமை. அறிக்கை எதிராக வந்தால், நகல் கைக்கு வந்த 28 நாட்களுக்குள் மறுக்கப்போவதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் அறிக்கையே முடிவான சாட்சியம்.

இந்த இடத்தில் கடைக்காரரைக் காப்பது 1940 மருந்து, அழகுப்பொருள் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. உரிமம் பெற்றவரிடம் வாங்கினேன், குறை இருப்பது தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை, வாங்கிய நிலையிலேயே முறையாக வைத்திருந்தேன் என்று நிறுவினால் தப்பலாம். நிறுவ வேண்டிய பொறுப்பு உங்களுடையது. பேட்ச் எண் இல்லாத கொள்முதல் பில் இதற்கு உதவாது. இன்சுலின் வைத்த ஃபிரிட்ஜுக்கு வெப்பநிலைக் குறிப்பு இல்லையென்றால் "முறையாக வைத்திருந்தேன்" என்ற பாதி விழுந்துவிடும்.

கவுண்டர் மருந்தாளுநர்:

மாற்று மருந்து விஷயத்துக்கு வருவோம். "அந்தக் கம்பெனி இல்லையா? அதே மருந்து வேற பேர்ல கொடுங்க." வாடிக்கையாளரே கேட்கிறாரே என்று கொடுத்துவிடுவோம். 65-ஆம் விதியின் 11ஏ உட்பிரிவு கடுமையானது: எச் பட்டியல் மருந்தோ, அதைவிடக் கடும் கட்டுப்பாடுள்ள எக்ஸ் பட்டியல் மருந்தோ எழுதிய சீட்டுக்கு வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது, உள்ளே அதே மருந்து இருந்தாலும். சீட்டில் மூலப்பெயர், அதாவது கம்பெனி வைத்த பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயர், மட்டும் இருந்தால் எந்தக் கம்பெனியுடையதும் கொடுக்கலாம். மூலப்பெயரில் எழுதச் சொல்வது மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை. அதை வைத்து, கம்பெனிப் பெயர் எழுதிய சீட்டை நாம் மாற்ற முடியாது. ஊருக்கு ஒரு கம்பெனிச் சரக்குத்தான் வருகிறது என்ற நிலையில் இந்த விதி நோயாளிக்கு உதவுகிறதா என்று கேட்டால் சந்தேகம்தான். ஆனால் மாறும்வரை இதுதான் விதி.

விதிக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 என்பது 500-உம் 125-உம். 375 என்பது 250-உம் 125-உம். 625 இல்லை என்று இரண்டு 375 கொடுத்தால் அமாக்சிசிலின் சரியாக இருக்கும், கிளாவுலனேட் இரட்டிப்பாகும், வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ரத்த அழுத்த மருந்தான மெட்டோபிரோலாலில் டார்ட்ரேட்டும் சக்சினேட்டும் பெயரில் ஒட்டிப் பிறந்தவை. சாதாரண டார்ட்ரேட் மாத்திரையைப் பொதுவாக நாளைக்கு இரண்டு வேளை கொடுப்பார்கள். மெல்லக் கரையும் சக்சினேட் மாத்திரை ஒரு வேளைக்கானது. கம்பெனிப் பெயருக்குப் பின்னால் வரும் இரண்டெழுத்தைப் படிக்காமல் எடுத்தால் தவறு அங்கேதான் நடக்கும்.

இன்சுலினில் இன்னும் கவனம். பாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி ஊசி. 100 யூனிட் பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தை 40-க்கான ஊசியில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். பாட்டிலையும் ஊசியையும் ஒன்றாக மேசையில் வைத்து, இரண்டிலும் எண்ணைக் காட்டிவிட்டுத்தான் பையில் போட வேண்டும்.

மொத்த விற்பனையாளர்:

சில்லறை மாத்திரைத் தகராறு ஒன்றும் உண்டு. 15 மாத்திரை அட்டை 90 ரூபாய் என்று வையுங்கள், நாலு மாத்திரைக்கு 24 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. "உதிரியா கொடுத்தா விலை கூட" என்பதற்கு 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் 27-ஆம் பத்தி இடம் தரவில்லை. வெட்டும்போது பேட்ச் எண்ணும் எக்ஸ்பயரியும் இல்லாத ஓரத்திலிருந்து வெட்டுங்கள். கடைசித் துண்டில் தேதி நிற்க வேண்டும். வாங்கிப்போகிறவருக்குப் பில்லில் இரண்டும் அச்சாகட்டும்.

சரக்கு வரும்போது பெட்டியைப் பிரிக்கும் முன் பில்லோடு பேட்ச் ஒப்பிடுங்கள். 300 பெயர்பெற்ற பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் 1-க்குப் பின் தயாரானவற்றில் கியூஆர் குறி இருக்க வேண்டும். அதைப் படித்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

புதிதாக உரிமம் எடுப்பவர்:

வாட்ஸ்அப்பில் வரும் சீட்டுப் படத்துக்குக் கொடுக்கலாமா?

மருத்துவமனை மருந்தகப் பொறுப்பாளர்:

இரண்டு வகைப் படம் உண்டு. தொலைவழி ஆலோசனை முடித்து மருத்துவரே அனுப்பிய, கையெழுத்திட்ட சீட்டின் படத்தையும் மின்சீட்டையும் 2020 மார்ச் 25 தொலைமருத்துவ வழிகாட்டுதல் ஏற்கிறது. நோயாளி சம்மதித்தால் மருத்துவர் நேரே மருந்துக் கடைக்கே அனுப்பலாம். அதில் மருத்துவரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ் பட்டியல் மருந்தும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்தும் இந்த வழியில் எழுதவே கூடாது.

மற்றது, கையிலிருக்கும் தாள் சீட்டை யாரோ செல்பேசியில் பிடித்து அனுப்புவது. அந்தப் படம் ஒரே நாளில் ஐந்து கடைக்குப் போகலாம், கையெழுத்துக்கு மேலே குறிக்க இடமும் இல்லை. வீட்டுக்கு மருந்து கொண்டுபோகும் பையன் தாளை வாங்கிப் பார்த்து முத்திரை வைத்தபின் கொடுப்பது ஒரு வழி. எச்1 என்றால் தாள் கவுண்டருக்கே வரட்டும்.

எக்ஸ் பட்டியல் கேட்டு வந்தால், உதாரணமாக மெதில்பெனிடேட், முதலில் உங்களிடம் படிவம் 20எஃப் உரிமம் இருக்க வேண்டும். வழக்கமான சில்லறை உரிமங்களான 20-உம் 21-உம் இருந்தால் போதாது. சீட்டு இரண்டு படி வரவேண்டும், ஒன்றை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், சரக்கு பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஆய்வுப் பணி அறிந்தவர்:

ஒன்று விட்டுப்போனது. மாட்டுக்கு என்று வலி மருந்தான டைக்ளோஃபெனாக் ஊசி கேட்டு வருகிறவர்கள். கால்நடைக்கு அதற்குத் தடை. மருந்து செலுத்திய மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டமாகச் செத்ததால் வந்த தடை அது. மனிதருக்கான 30 மில்லி பாட்டில்கள் மாட்டுக்குப் போவதைப் பார்த்துத்தான் 2015-இல் ஊசி மருந்தை 3 மில்லி ஒற்றை அளவாகச் சுருக்கினார்கள். இப்போது பத்துப் பதினைந்து சிறு ஆம்பூல்களைச் சேர்த்துக் கேட்பார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே யாருக்கென்று புரியும். 2023-இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைக்குத் தடையாகிவிட்டன, ஆகவே அவற்றுக்கு மாற்றிக் கொடுக்கவும் வழியில்லை. கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகம் எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள்.